பாடாலூரில் திரும்பினால் கடல்!

மொரீஷியஸில், ஹவாயில் எல்லாம் ஒரு ஏற்பாடு உண்டு. கூரையில்லாத ஜீப்பில் ஆறு பேரை ஏற்றி, கைடு ஒருவர் முன் ஸீட்டில் உட்கார்ந்து, ரோடே இல்லாத மண்ணில் குலுக்கிக் குலுக்கித் தீவைச் சுற்றிக் காட்டுவார்கள். எலும்பெல்லாம் கழன்று வந்த பிறகு இளநீர் மாதிரி ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்து, டாலரில் பில் போடுவார்கள். நம்மூர் இளவட்டங்கள் அந்த போட்டோக்களைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவதோடு சரி. பாஸ்போர்ட், விசா, பிராவிடண்ட் ஃபண்டில் லோன்... ஆகிற காரியமா?

வேண்டாம் ஸார். சென்னை - திருச்சி பஸ்ஸில் ஏறி, பாடாலூருக்கு டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து ஒரு ஜீப். தீவு, கடல், சுறா, ராட்சஸப் பல்லி எல்லாம் தயார். ஒரே ஒரு சின்ன வித்தியாசம்... கடல் வற்றிப் போய்ச் சில கோடி வருஷங்கள் ஆகிவிட்டன!

'பெரம்பலூர்ல கடலா? குடிக்கவே தண்ணி இல்லாத ஊராச்சே!' என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். இன்றைக்கு வங்காள விரிகுடா கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆனால் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அது இங்கே, இப்போது சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற இந்தக் கரிசல் காட்டின் மேலேயே அலையடித்துக்கொண்டு இருந்தது.

தீவு விஷயம் அதைவிட ஜோர். அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டியே இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கரைக் கைப்பிடித்துக்கொண்டு தனியாக மிதந்து கொண்டிருந்தது. சுமார் ஒன்பது கோடி வருஷத்துக்கு முன் அந்தக் கையையும் உதறிவிட்டு வடக்கே பார்த்துப் புறப்பட்டது. வேகமென்றால் வேகம், வருஷத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர்! சிரிக்காதீர்கள். உங்கள் விரல் நகம் வளர்வதைப் போல் நாலு மடங்கு அது. ஒரு துணைக்கண்டத்துக்கு அது ராஜதானி எக்ஸ்பிரஸ் வேகம். அப்படியே போய் ஆசியாவின் மேல் மோதி, அந்த இடிபாட்டில் முளைத்ததுதான் இமயமலை. ஆக, பெரம்பலூர், அரியலூர் மண்ணில் நீங்கள் ஜீப் ஓட்டினால் அது அசல் தீவுச் சுற்றுலாதான். தேதிதான் கொஞ்சம் பழசு.

நமக்கு வாய்த்த வண்டி ஒரு பழைய மஹிந்திரா. ஃபோர் வீல் டிரைவ். ஓட்டுகிறவரை எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன் ஸீட்டில் கைடு: ஜியாலஜி சொல்லிக் கொடுத்து ரிட்டையரான வாத்தியார் ஒருவர். தலையில் துண்டு, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, பையில் ஒரு சின்ன சுத்தியல். சுத்தியலைப் பார்த்து, "உடைச்சு எடுக்கவா சார்?" என்று பின் ஸீட்டிலிருந்து ஒரு பாங்க் கிளார்க் ஆசையாகக் கேட்டார்.

"இது முப்பது வருஷப் பழக்கம் தம்பி. பையில இல்லேன்னா தோள் ஒரு பக்கமா சாயுது. வெளியே எடுக்கிறதில்லே" என்றார் வாத்தியார்.

நெடுஞ்சாலையை விட்டுப் பாடாலூரில் கிழக்கே திரும்பினால் முதலில் வருவது ஊட்டத்தூர். சுத்தரத்தினேஸ்வரர் கோயில் இருக்கிறது, பஞ்சநதனக் கல்லில் செய்த நடராஜர் இருக்கிறார். பக்தர்களுக்கு ஊட்டத்தூர் என்றால் அது. ஆனால் லண்டனிலோ டோக்கியோவிலோ ஒரு ஜியாலஜி புரொஃபஸரிடம் 'ஊட்டத்தூர்' என்று சொல்லிப் பாருங்கள். எழுந்து நின்றுவிடுவார்! உலகத்தின் பாறைக் கணக்குப் புத்தகத்தில் 'ஊட்டத்தூர் குழுமம்' என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. காரை, கருடமங்கலம், குளக்காநத்தம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் என்று டவுன் பஸ் கண்டக்டர் கூவுகிற அத்தனை பெயரும் சர்வதேசப் பத்திரிகைகளில் அச்சாகிக் கொண்டிருக்கின்றன. பாவம், உச்சரிப்பைத்தான் கடித்துத் துப்புகிறார்கள்.

இந்தப் பெயர்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840களில் இங்கே பொறுக்கிய கல் சிப்பிகள் கப்பலேறி லண்டன் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-ல் அவற்றைப் பற்றி எழுதினார். அப்புறம் ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்து ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அடுக்கடுக்காகப் பிரித்து 1862-ல் புத்தகம் போட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்று ஒரு இளைஞர், ஆஸ்திரிய சாம்ராஜ்யத்திலிருந்து வந்தவர், கல்கத்தாவில் உட்கார்ந்து நம்மூர்ச் சிப்பி, சங்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, படம் போட்டு, பெரிய பெரிய வால்யூம்களாக 1873 வரை எழுதித் தள்ளினார். அடுத்த வருஷமே மத்திய ஆசியப் பயணம் முடித்துத் திரும்புகையில் லடாக் மலையில் மூச்சுத் திணறி இறந்து போனார். வயது முப்பத்தாறு. லே நகரத்தில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. நம்ம ஊரில் அவர் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

காரை வந்தது. ஊர் தாண்டியதும் தார் ரோடு முடிந்தது. அண்ணன் கியர் ராடு பக்கத்தில் இருந்த இன்னொரு குட்டி ராடைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். 'கடக்!' நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. வண்டி யானை மாதிரி ஆடியது. வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் மடியில். டிபன் பாக்ஸ் யார் காலடியிலோ. "மெதுவா போங்கண்ணே..." என்று ஒரு குரல்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா இறங்கித்தான் தம்பி தள்ளணும்!"

வண்டிப்பாதை ஒரு மேட்டில் ஏறி நின்றது. அண்ணன் இன்ஜினை அணைத்தார். பேச்சு தானாக நின்றுபோனது.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மண் நெளிந்து கிடக்கிறது. மரம் கிடையாது, புல் கிடையாது. பழுப்பும் மஞ்சளும் துரு நிறமுமாக ஆயிரக்கணக்கான மேடுகள், நடுவே கத்தியால் கீறியது மாதிரி ஓடைகள். வெயில் பட்டால் அங்கங்கே கண்ணாடிச் சில்லு போல ஏதோ மினுங்குகிறது. ("வைரமா சார்?" - அதே பாங்க் கிளார்க். "ஜிப்சம். கை ஒடிஞ்சா மாவுக்கட்டுப் போடறாங்களே, அந்தச் சரக்கு.") சினிமாக்காரர்கள் பார்த்தால் செவ்வாய்க் கிரகம் என்று செட் போடாமலே ஷூட்டிங் எடுத்துவிடுவார்கள்.

இந்த மண் முழுக்கக் கடலடிச் சேறு. அலை வராத ஆழத்தில் வருஷக்கணக்காகப் படிந்து படிந்து இறுகியது. செத்த பிராணிகள் எல்லாம் அதில் மெத்தையில் விழுவது போல விழுந்து அப்படியே புதைந்தன. மண் பிறகு மேலே எழும்பியது, கடல் பின்வாங்கியது. இப்போது ஒவ்வொரு ஐப்பசி மழையும் ஒரு அடுக்கைக் கழுவிக்கொண்டு போகிறது. மழைதான் இங்கே அகழ்வாராய்ச்சி இலாகா. சம்பளம், பென்ஷன் கிடையாது. மழை விட்ட மறுநாள் போனால் நேற்று வரை இல்லாத ஒன்று மண்மேல் உட்கார்ந்திருக்கும்.

வாத்தியார் குனிந்தார். கையில் எடுக்கவில்லை, காட்டினார். ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்ட ஒரு கல். அம்மோனைட். நம் கணவாய்க்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. வீடு கட்டிக் குடியிருந்த கணவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர வளர ஒரு புது அறை கட்டிக்கொண்டு அதில் குடிபோகும். பழைய அறைகளில் காற்றை நிரப்பி மிதக்கும். நீங்கள் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள், ஸார். பெருமாள் கோயிலிலோ, தாத்தாவின் பூஜை அறையிலோ. நேபாளத்து கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்துக்குள் சக்கரம் மாதிரி ஒன்று தெரியுமே, அது இதே ஜாதிதான். இமயமலை ஏறியது அங்கே சாமியாகிவிட்டது. காரையில் தங்கியது வெயிலில் கிடக்கிறது.

பக்கத்தில் இன்னொன்று. விரல் தடிமன், ஒரு முனை கூர்மை. அச்சு அசல் துப்பாக்கித் தோட்டா. பெலம்னைட் என்று பெயர். இதுவும் கணவாய் வம்சம்தான், உடம்புக்குள் இருந்த கெட்டியான தண்டு மட்டும் மிச்சம். "புல்லட்ல வந்து புல்லட் பொறுக்கிட்டுப் போறானுங்க" என்றார் அண்ணன், பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே. இன்னும் தேடினால் சுறாப் பல் கிடைக்கும். கடலில் வாழ்ந்த ஊர்வனவான இக்தியோஸாரின் எலும்பு இந்தச் சீமையிலிருந்து கிடைத்து, 1879-லேயே லைடெக்கர் அதற்கு 'இண்டிகஸ்' என்று இந்தியப் பட்டம் கொடுத்துவிட்டார்.

"சரிண்ணே, வண்டியை உள்ளே விடுங்க. அந்த மேட்டுல ஏத்தி ஒரு போட்டோ!" என்றது பின் ஸீட்.

அண்ணன் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இங்க வரைக்கும்தான் வண்டி."

அட, ஃபோர் வீல் டிரைவை வைத்துக்கொண்டு இதென்ன பிகு என்று நமக்கும் தோன்றத்தான் செய்தது. வாத்தியார் பதில் சொல்லாமல் ஒரு இருநூறு அடி நடத்திக்கொண்டு போனார். அங்கே ஒரு மேட்டின் முதுகில் இரண்டு டயர் தடம். யாரோ சமீபத்தில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். பைக் தடம் நாலைந்து தனியாக, வளைந்து வளைந்து. தடத்துக்குள் வாத்தியார் சுண்டு விரலால் காட்டினார். பிஸ்கட் நொறுங்கியது மாதிரி ஒரு அம்மோனைட். ரிப்பு ரிப்பாக வரி இருக்கிற துண்டு ஒன்று மட்டும் முழுசு.

"பத்துக் கோடி வருஷம் சேத்துக்குள்ள பத்திரமா இருந்திருக்கு. மழை தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு ஜீப்பு!" என்றார். சத்தம் போடவில்லை. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல்தான்.

உடைவது மட்டும் சங்கடமில்லை. இந்த மண் காய்ந்தால் மேலே அப்பளம் மாதிரி ஒரு பக்கு கட்டும். நனைந்தால் ஊதும், வழுக்கும். பக்கை டயர் உடைத்துப் பள்ளம் போட்டால் அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத்தான் தேடி வரும். இரண்டு சக்கரத் தடம் இரண்டு ஓடையாகும். எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற கணக்கு கலைந்துவிடும். அடுக்கு தெரியாத அம்மோனைட் என்பது பக்க எண் கிழிந்து போன நாவல் தாள் மாதிரி. படிக்கலாம், கதை புரியாது.

ஐஸ்லாந்து என்று ஒரு தீவு தேசம். எரிமலை மண்ணில் ஜீப் ஓட்டுவதற்காகவே அங்கே ஆட்கள் போகிறார்கள். ஆனால் குறித்த பாதையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் சட்டப்படி குற்றம், அபராதம் தீட்டிவிடுவார்கள். நம்மிடம் அந்த மாதிரிச் சட்டம் இருக்கிறதா என்றால்... புவியியல் பாரம்பரிய இடங்களைக் காப்பாற்ற மத்திய அரசு 2022-ல் ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டது. வரைவு என்றால் தெரியுமில்லையா? பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வேலி போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. சாத்தனூர். காரையிலிருந்து மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே போகிற ரோடு. அங்கே ஓடைக்குள் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் பதினெட்டு மீட்டர். வைரம் பாய்ந்த மரம் என்று சொல்வோம். இது பாறையே பாய்ந்த மரம். கடற்கரைக் காட்டிலிருந்து ஆறு அடித்துக் கொண்டுவந்து கடலில் தள்ளிய மரத்தின் ஒவ்வொரு அணுவிலும் மெல்ல மெல்ல சிலிக்கா புகுந்து, மரம் போய்க் கல் மிச்சமாகிவிட்டது. வயது பன்னிரண்டு கோடி வருஷம் என்று போர்டு சொல்கிறது. 1940-ல் இதைக் கண்டு சொன்னவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன், பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கே முதல் இந்தியத் தலைவரானவர். அந்தத் துறை சுற்றிக் கம்பி போட்டு, தேசியச் சின்னம் என்று அறிவித்து, பார்க் அமைத்திருக்கிறது. மரம் இன்னும் மரமாகவே இருக்கிறது. காதல் ஜோடிகளின் பெயர் பொறிக்கக் கல் கொஞ்சம் கெட்டி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருதையாற்றைத் தாண்டினால் அரியலூர்ச் சீமை. (1956 நவம்பர் 23 விடியற்காலை வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததும் இந்த ஆற்றில்தான்.) அரியலூரை 2001-ல் தனி மாவட்டமாக்கி, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து, 2007-ல் மீண்டும் பிரித்தார்கள். கடல் கூட இந்த ஊருக்கு இத்தனை தடவை வந்து போனதா தெரியாது!

ரோட்டில் எதிரே வருவதெல்லாம் லாரி. எல்லாம் சுண்ணாம்புக்கல். ஏன் இந்த ஊரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலை என்று யோசித்திருக்கிறீர்களா? கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் புரியும். சுவர் முழுக்கச் சிப்பி. கிரிஃபியா என்று உள்ளங்கை அகலத்துக்குக் கனத்த சிப்பிகள், ஒன்றன் மேல் ஒன்றாக, செங்கல் அடுக்கினது மாதிரி. ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய சிப்பிக் கூட்டம். அதைத்தான் வெட்டி, அரைத்து, சுட்டு, ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். நீங்கள் வேளச்சேரியில் லோன் போட்டு வாங்கிய டபுள் பெட்ரூம் ஃபிளாட்டின் கூரையில் ஒரு கடலே உட்கார்ந்திருக்கக்கூடும். ஹவுஸ் ஓனர் வெல்ஃபேர் அசோசியேஷனிடம் சொல்லிவிடாதீர்கள், அதற்கும் மெயின்டனன்ஸ் கேட்பார்கள்.

சுரங்கத்தைத் திட்டி நாலு வரி எழுதினால் கட்டுரை களை கட்டும். ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். வெட்டின சுவர்தான் ஜியாலஜிக்காரர்களுக்கு அடுக்கை வரிசையாகக் காட்டுகிறது. எந்தெந்த ஊரிலிருந்தோ காலேஜ் பையன்கள் பஸ் பிடித்து வருவது அதைப் பார்க்கத்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறும் அதில்தான். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லாச் சுவரையும் அரைத்துவிட வேண்டுமா, ஒரு சுவரையாவது அப்படியே நிறுத்தி வைக்கலாமா? வாரணவாசியில் அரசாங்கம் ஒரு மியூஸியம் கட்டி மாதிரிகளை வைத்திருக்கிறது. நல்ல காரியம். கண்ணாடிப் பெட்டிக்குள் சிப்பியைப் பார்ப்பதும், முப்பது அடிச் சுவராகப் பார்ப்பதும் ஒன்றல்ல.

கடைசி நிறுத்தம் கல்லமேடு. இங்கே கடல் பின்வாங்கி, ஆறும் சதுப்பும் வந்துவிட்ட காலம். டைனோஸார் காலத்தின் கடைசி அத்தியாயம். இங்கே 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர்! நீங்கள் கையைத் தூக்கினால்தான் மேல்முனையைத் தொடலாம். 'ப்ருஹத்காயோஸாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், அதாவது பேருடம்பு. 2023-ல் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குப்படி எடை நூற்றுப் பத்து டன்னுக்கும் மேல் இருக்கலாமாம். ஒரு லோடு லாரி பத்து டன் என்றால் பதினோரு லாரி. பூமியில் நடந்த பிராணிகளிலேயே பெரியது நம்ம அரியலூர் ஆசாமிதான் என்று அடித்துச் சொல்லிவிடலாம்...

சொல்ல முடியவில்லை. எலும்பு இல்லை!

கண்டெடுத்தபோதே பொலபொலவென்று இருந்த எலும்பு. இந்த மண்ணின் ஈரமும் மழையும் சேர்ந்து உதிர்த்துவிட்டன. மிஞ்சியது சில படங்களும் கோட்டோவியங்களும்தான். 'எலும்பா, கல் மரமா?' என்றுகூட வெளிநாட்டில் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். 2022-ல் அய்யாசாமியும் இன்னொருவருமாகச் சேர்ந்து பழைய போட்டோக்களைத் தேடி எடுத்து வெளியிட்ட பிறகுதான் சந்தேகம் கொஞ்சம் அடங்கியது. உலக சாம்பியனாக இருக்க வேண்டியவர், சர்ட்டிபிகேட் தொலைந்து போனதால் வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்கிறார்.

ஒரு ஆறுதல். செந்துறைப் பக்கம் 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓடை மணலில் கொத்துக் கொத்தாக டைனோஸார் முட்டைகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். அதிலிருந்து இந்தப் பக்கம் எங்கே உருண்டைக் கல் கிடைத்தாலும் முட்டைதான்! 2020-ல் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டை உருண்டையாக வந்ததைப் பார்த்து ஊரே கூடிவிட்டது. வாட்ஸ்அப்பில் அவித்துக்கூடச் சாப்பிட்டிருப்பார்கள். வந்து பார்த்த நிபுணர்கள், அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "முட்டை இல்லேன்னதும் கூட்டம் கலைஞ்சிடுச்சு. அம்மோனைட் மட்டும் மட்டமா?" என்று வாத்தியாருக்கு இன்னும் வருத்தம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். தை, மாசி நல்ல மாதங்கள். சித்திரையில் போனால் நீங்களே ஃபாஸில் ஆகிவிடுவீர்கள். மழை பெய்த அன்றும் மறுநாளும் காரைப் பக்கம் ஜீப் வேண்டாம். கரிசல் சேற்றில் ஃபோர் வீலும் ஒன்றுதான், மாட்டு வண்டியும் ஒன்றுதான், என்ன, மாடு தானாக எழுந்துவிடும். நிழலே கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. திங்கள் அல்லது வெள்ளி என்றால் வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் பார்க்கலாம். விசேஷ நாட்களைத் தவிர மற்ற நாளில் பொதுவாக அம்மன் நடை திறப்பதில்லை. வண்டி, மேட்டில் ஏறுகிற அந்த வண்டிப்பாதை முடிவு வரைதான். அங்கிருந்து நடை.

எதையும் பாக்கெட்டில் போடாதீர்கள். நம் பாங்க் கிளார்க் ஒரு அம்மோனைட்டைக் கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்தார். வாத்தியார் கோபிக்கவில்லை. "எந்த இடத்துல எடுத்தே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் மேடு, எல்லாம் ஒரே மாதிரி. கால் மணி நேரம் தேடி, தன் செருப்புத் தடத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, கல்லை வைத்துவிட்டு வந்தார். அதுவரை அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை.